பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டு: கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கோவை கணபதியில் சத்தி ரோட்டை ஒட்டி எனக்குச் சீட் குஷன் கடை. பதினேழு வயதில் கரூரில் ஒரு பஸ் பாடி கட்டும் கொட்டகையில் ரெக்சின் வெட்டிப் பழகியவன். டாக்சி சீட், டெம்போ சீட், கல்யாண வண்டி என்று போய்க்கொண்டிருந்த தொழிலில், ஒரு நாள் மில்காரர் வீட்டு 1965 எம்ஜிபி, அதாவது எம்ஜி கம்பெனியின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. அந்த வேலையை முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. பாதி நாள் தப்புப் பண்ணியே போனது. அதற்கப்புறம் எம்ஜி, ட்ரையம்ஃப், ஹெரால்டு என்று எங்கெங்கோ ஷெட்டில் கிடந்ததெல்லாம் தேடி வருகின்றன. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஏனுங்க, டேஷ்போர்டுன்னா மீட்டர் இருக்கற பலகை மட்டுமுங்களா, இல்ல கண்ணாடிக்கு அடியில இருக்கறது முழுசுமா?"

பேச்சில் இரண்டையும்தான் சொல்கிறோம். வேலைக்கு வரும்போது மட்டும் பிரித்துச் சொல்லுங்கள். மீட்டரும் சுவிட்சும் உட்கார்ந்திருக்கும் முகம் ஒன்று. அதற்கு மேலே கண்ணாடி வரை போகும் மெத்தை ஒன்று. இரண்டும் வேறு வேறு பொருளாக இருக்கலாம்.

முகத்தில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது தகடு. 1962-ல் வந்த எம்ஜிபியில் இரும்புத் தகட்டின் மேல் சுருக்கம் சுருக்கமாகக் கறுப்புப் பெயின்ட் இருக்கும். இரண்டாவது மரம்: ட்ரையம்ஃப் டிஆர்4ஏ, டிஆர்6 போன்றவற்றில் ஒட்டுப்பலகை மேல் வால்நட் வினீர், அதாவது மரத்தைச் சன்னமாகச் சீவி எடுத்த தாள். மூன்றாவது, தகட்டின் மேல் ஃபோம் வைத்து ரெக்சின் தோல் போர்த்தியது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1968-லிருந்து அந்த நாட்டுக்குப் போன எம்ஜிபிகளில் இந்த மெத்தை டேஷ்போர்டுதான். எம்ஜி தொழிற்சாலை இருந்த ஊரை வைத்து அதற்கு 'அபிங்டன் தலையணை' என்றே பட்டப்பெயர். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். காது சொல்லிவிடும்.

"எங்க வண்டி வெயில்லயே நிக்கறதில்ல. ஷெட்டுக்குள்ளதான். அப்புறம் ஏன் வெடிச்சுது?"

ஷெட்டுக்கு மேல் என்ன, தகரம்தானே? வானிலை அறிக்கையில் கரூர் பரமத்தி பெயர் வராத சித்திரை உண்டா? தகரக் கூரைக்கு அடியில், கண்ணாடி ஏற்றிய காருக்குள், மதியம் மூன்று மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள்.

ரெக்சின் என்பது பிவிசி. தன்னளவில் அது விறைப்பான பொருள். வளைவதற்காக அதற்குள் எண்ணெய் மாதிரி ஒரு மிருதுவாக்கியைக் கலந்திருப்பார்கள். சூடு பட்டுப் பட்டு அது ஆவியாகிப் போகும். நாள்பட நிறுத்திய காரின் முன்கண்ணாடி உட்புறத்தில் துடைத்தால் பிசுபிசுவென்று ஒரு மங்கல் வருகிறதே, உங்கள் டேஷ்போர்டு விட்ட மூச்சில் ஒரு பங்கு அது. எண்ணெய் போன ரெக்சின் சுருங்குகிறது, அடியில் ஃபோம் பொடியாகிறது, அப்புறம் மீட்டர் ஓட்டையின் மூலையிலோ ஸ்க்ரூ ஓட்டையிலோ முதல் கீறல் விழுகிறது. இழுவிசை சேரும் இடம் அதுதான்.

மரத்தில் கதை வேறு. மேலே இருக்கும் வார்னிஷ் விறைத்துவிடும். அடியில் பலகை மழைக்காலத்தில் ஊதி, கோடையில் சுருங்கும். மேலே இருக்கும் வார்னிஷ் அதோடு சேர்ந்து அசையாது, அதனால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே ஈரம் இறங்கினால் வினீர் கறுத்துத் தூக்கிக்கொள்ளும்.

"ரிப்பேரே போதுமுங்களா, இல்ல புதுசே மாத்தோணுமா?"

என் கணக்கு இது. ரெக்சினில் விரல் நீளத்துக்கு இரண்டு மூன்று வெடிப்பு, மற்ற இடம் அமுக்கினால் திரும்பி வருகிறது என்றால் ரிப்பேர். அமுக்கின இடம் பொரபொரவென்று உள்ளேயே போனால் ஃபோம் முடிந்தது. மேலே என்ன பூசினாலும் அடுத்த கோடையில் மறுபடி என் கடைக்கு வருவீர்கள். மரத்தில் வார்னிஷ் மட்டும் போயிருந்தால் உரித்துப் பூசலாம். வினீர் போயிருந்தால் வினீர் மாற்றலாம். பலகையே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தால்தான் புதுப் பலகை. தகட்டில் துரு ஊடுருவி ஓட்டையாகாத வரை மாற்ற வேண்டியதே இல்லை.

வெளிநாட்டிலிருந்து ரெடிமேடாக வரவழைக்கலாம். எம்ஜி, ட்ரையம்ஃபுக்கு இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கிறது. சுங்கம், ஜிஎஸ்டி, கூரியர் மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வலதுபக்க ஸ்டீயரிங்குக்கு உள்ளதா என்று இரண்டு தடவை கேளுங்கள். ஒருவர் ஆசையாக வரவழைத்த பெட்டியைப் பிரித்தால் மீட்டர் ஓட்டை இரண்டும் இடது கைப்பக்கம் இருந்தது. திருப்பி அனுப்பும் செலவுக்குப் பயந்து வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

எதை முடிவு பண்ணினாலும் சரி, கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு நைந்திருந்தாலும் ஓட்டை எங்கே, வளைவு எவ்வளவு, கனம் எத்தனை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று) என்பது அதில்தான் இருக்கிறது.

"கழட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணோணும்?"

பேட்டரி வயரை எடுங்கள். பழைய எம்ஜிபியில் சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். ஒன்றைத் தேடிவிட்டு இன்னொன்று எங்கே என்று முழிக்க வேண்டாம்.

அடுத்து, போனில் படம். முன்னால் இரண்டு, அடியில் படுத்துக்கொண்டு இருபது. ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எந்த மீட்டர், எந்த முனை என்று எழுதுங்கள். டேப் சூட்டில் விழுந்துவிடும் என்பதால் நோட்டிலும் எழுதுங்கள். பிரிட்டிஷ் வண்டியில் லூகாஸ் என்ற எலக்ட்ரிக்கல் கம்பெனியின் நிறக்கணக்கு உண்டு: பிரவுன் எப்போதும் கரண்ட் இருப்பது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவி போட்டபின் ஃப்யூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த், சிவப்பு பார்க்கிங் லைட், சிவப்பில் வெள்ளைக் கோடு மீட்டர் லைட். ஆனால் ஐம்பது அறுபது வருடத்தில் எத்தனை எலக்ட்ரீசியன் கை பட்டிருக்குமோ! நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். என்னிடம் வந்த ஒரு ஹெரால்டில் டேஷ்போர்டுக்குப் பின்னால் முழுக்க மஞ்சள் வயர். வீட்டு வயரிங்குக்கு வாங்கியதில் மீந்ததாம்.

எம்ஜிபியில் தகட்டின் மேல் விளிம்பு நெடுக நட்டுகள் பின்பக்கம் ஒளிந்திருக்கும். கை போகாது, கண்ணும் போகாது. சின்னக் கை உள்ள பையன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எந்த ஸ்பானரையும்விட மேல்.

"மீட்டர் பின்னாடி சன்னமா செம்புக் குழாய் ஒண்ணு சுருள் சுருளாப் போகுது. இடைஞ்சலா இருக்கு, அதைக் கட் பண்ணிட்டு அப்புறம் சேர்த்துக்கலாமுங்களா?"

கூடவே கூடாது. இந்த ஒரு பதிலுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றாலும் பொய்யில்லை.

அது வயர் இல்லை. பல எம்ஜி வண்டிகளில் ஒரே மீட்டரில் ஆயில் பிரஷரும் தண்ணீர்ச் சூடும் சேர்ந்திருக்கும். ஆயிலுக்கு ஒரு குழாய். சூட்டுக்கு ஒரு சன்னக் குழாய். அந்தச் சன்னக் குழாயின் ஒரு முனையில் எஞ்சினுக்குள் போகும் குமிழ், மறு முனை மீட்டரோடு ஒட்டியது. உள்ளே ஈதர் என்ற திரவம் அடைத்திருக்கும். எஞ்சின் சூடானால் ஈதர் ஆவியாகித் தள்ளும், முள் நகரும். நடுவில் வெட்டினால், ஏன், ஒரு மடிப்பு பலமாக விழுந்தாலே மீட்டர் செத்தது.

நான் வெட்டவில்லை. முதல் எம்ஜிபியில் மீட்டரை வெளியே இழுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கலாம் என்று ஒரு திருப்பு திருப்பினேன். குழாய் மீட்டரோடு சேரும் கழுத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஆஸ்பத்திரி வாசனை. அரை நிமிடத்தில் வாசனையும் போயிற்று. அந்த மீட்டரைச் சரி பண்ணி வாங்க நாலு மாதம் ஆயிற்று. வண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. எஞ்சின் பக்கத்தில் குமிழைக் கழற்றி, எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டின் (ஃபயர்வால்) ரப்பர் வழியே மொத்தமாக உள்ளே வாங்கி, மீட்டரோடு ஒரு கை அகலச் சுருளாகச் சுற்றி வையுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை முதலில் கொஞ்சம் இறக்க மறக்க வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"ரெக்சின்ல ரெண்டு வெடிப்புதானுங்க. ஃபெவிக்விக் ஊத்தி அமுக்கிட்டா ஆகாதா?"

ஒரு வாரம் ஆகும். அந்தப் பசை கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். பக்கத்திலேயே புதுசாக வெடிக்கும். டிங்கர் பட்டியும் அப்படித்தான், கதவுக்கு நல்லது, இதற்கு ஆகாது.

முறை இது. வெடிப்பின் இரண்டு முனையிலும் இரண்டு மில்லிமீட்டர் ட்ரில்லில் ஒரு புள்ளி வையுங்கள். கீறல் அதைத் தாண்டி ஓடாது. மேலே தூக்கி நிற்கும் விளிம்பை பிளேடால் சரித்து வெட்டி, வெடிப்பை 'வி' மாதிரி வாய் அகலப்படுத்துங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் மூன்று நான்கு தடவை துடையுங்கள். பளபளப்புக்கென்று இத்தனை வருடம் அடித்த சிலிக்கான் பாலிஷ் அதில் ஊறியிருக்கும், அது இருந்தால் எதுவும் பிடிக்காது. அப்புறம் வளையக்கூடிய யூரித்தேன் ஃபில்லரை இரண்டு மூன்று சன்ன அடுக்காக நிரப்பி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாள் போடுங்கள்.

இதுவரை யாரும் பண்ணலாம். வித்தியாசம் தெரிவது தோல் ரேகையில். நிரப்பிய இடம் வழவழவென்று தழும்பு மாதிரி நிற்கும். கண்ணுக்குப் படாத மூலையில், சாமான் வைக்கும் டப்பாவுக்கு (க்ளவ் பாக்ஸ்) அடியில், நல்ல ரேகை இருக்கும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு சிலிக்கான் ரப்பரை ஊற்றி உரித்து எடுத்தால் ரேகை அச்சு கிடைக்கும். கடைசி அடுக்கு ஃபில்லர் முழுக்க இறுகும் முன் அந்த அச்சை வைத்து அமுக்கி எடுங்கள். மேலே வினைல் பெயின்ட் சன்னமாக. என் பையன் இதில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் செய்த இடத்தை எனக்கே தேட வேண்டியிருக்கிறது.

"மேல ஒரு பிளாஸ்டிக் மூடி வருதாமே, அதைக் கவுத்து ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதில்லீங்க?"

முடிந்தது. அது ஒரு மோல்டிங் மூடி, பழையதன் மேல் அப்படியே உட்காரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடியில் ஃபோம் தொடர்ந்து பொடியாகும், ஒரு முறை பசை போட்டு ஒட்டினால் திரும்ப எடுக்கும்போது பழையதும் கூடவே உரிந்து வரும். கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

"ஈரோட்டுல நல்ல தோல் கிடைக்குது. ரெக்சினுக்குப் பதிலாத் தோலே போர்த்தினா?"

போர்த்தலாம், எந்தத் தோல் என்று பார்த்து வாங்குங்கள். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் அருமை; டேஷ்போர்டுச் சூட்டில் அது சுருங்கி விளிம்பை இழுத்துவிடும். குரோம் பதனிட்ட தோல் சூடு தாங்கும். ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒன்றேகால் வரை கனம் போதும். அதற்கு மேல் போனால் மீட்டர் வளையம் உட்காராது.

ஒட்டும் முறை ரெக்சினுக்கும் தோலுக்கும் ஒன்றுதான். பழையதை உரித்து, தகட்டுத் துருவை எடுத்து, பிரைமர் அடித்து, போன ஃபோமை அதே கனத்தில் அடர்த்தியான ஃபோமால் மாற்ற வேண்டும். எஸ்.ஆர். என்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போங்கள். ரெக்சின் என்றால் குழிவுகளில் ஹீட் கன் காட்டி இழுக்கலாம். தோலுக்கு லேசான ஈரமும் பொறுமையும்தான். பசை வாங்கும்போது சூடு தாங்கும் ரகம் கேளுங்கள். சாதாரணப் பசை போட்ட என் ஆரம்ப கால வேலை ஒன்று வைகாசியில் மீட்டருக்கு மேலே கூடாரம் மாதிரி எழுந்து நின்றது. பவானி ஜமுக்காளத்தில் ஒருவர் கேட்டார், அதையும் செய்து கொடுத்தேன். அழகாகத்தான் இருந்தது, தூசி மட்டும் சாமி!

"எங்க தோப்புலயே தேக்கு இருக்குங்க. டேஷ்போர்டை ஒரே தேக்குப் பலகையில செதுக்கிரலாமா?"

கேட்கும்போதே அந்த மரத்தின் மேல் உள்ள பாசம் தெரிகிறது. ஆனால் ஒற்றைப் பலகை வேண்டாம். இத்தனை அகலத்தில், இத்தனை ஓட்டைகளோடு, ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் ஹீட்டர் பெட்டியும் இருந்தால் எந்த மரமும் வளையும். அதனால்தான் கம்பெனிக்காரனே ஒட்டுப்பலகை போட்டான். 710 என்று ஐஎஸ் எண் அச்சடித்த மரைன் ஒட்டுப்பலகை வாங்கி, அதன் மேல் வினீர் ஒட்டுங்கள். தேக்கு வினீரும் கிடைக்கும். ஆனால் அசலாக வந்தது வால்நட். தேக்கின் நேர்கோட்டு ரேகை பீரோ மாதிரித் தெரியும் என்பது என் கருத்து.

இரண்டு விஷயத்தில் ஆசாரி ஏமாறுவார். ஒன்று, கனம். பழைய பலகையை அளந்து அதே கனத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு நூல் கூடினால் போதும், சுவிட்சின் கழுத்து வெளியே வராது, நட்டு பிடிக்காது. இரண்டு, பின்பக்கம். முன்னால் மட்டும் வினீர் ஒட்டினால் பலகை ஒரு பக்கமாக வளையும். பின்னாலும் ஏதாவது மலிவு வினீர் ஒட்ட வேண்டும். பசையில் சாதாரண வெள்ளைப் பசை சூட்டில் இளகும், எஸ்.ஆர். பசையில் வினீர் நகர்ந்து கொப்புளம் போடும். எபாக்ஸி நல்லது. அழுத்தி வைக்க நான் சமதளப் பலகை மேல் இரண்டு சிமென்ட் மூட்டையை ஏற்றி ஒரு இரவு விடுவேன்.

ரேகையைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல வேலையில் வினீரின் அடுத்தடுத்த இரண்டு தாளைப் புத்தகம் விரித்த மாதிரி நடுவில் சேர்த்திருப்பார்கள். இடதும் வலதும் கண்ணாடி பார்த்ததுபோல் இருக்கும். டப்பா மூடியையும் அதே தாளிலிருந்து வெட்டினால்தான் ரேகை ஓடும். அதனால் மூடியைத் தனியாக வேறு ஆளிடம் கொடுக்காதீர்கள்.

"பாலிஷ் எதுங்க நல்லது? மெலமைனா, பி.யு.வா?"

பி.யு.தான் (பாலியூரித்தேன்), இரண்டு டப்பா கலக்கும் ரகம், வெயில் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கியது. மெலமைன் விறைப்பு, டேஷ்போர்டில் மறுபடி வெடிக்கும். அரக்குப் பாலிஷ் பார்க்க அழகு, சூட்டில் இளகும், தண்ணீர் பட்டால் வெளுக்கும். பழைய வார்னிஷை உரிக்கும்போது ரிமூவர் போட்டுச் சுரண்டுங்கள். வினீரின் கனம் அரை மில்லிமீட்டர் சுமார்தான், மெஷின் சாண்டர் வைத்தால் மூன்றாவது இழுப்பில் அடிப்பலகை சிரிக்கும்.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு மரத்தூளையும் சும்மா விடாது. அம்மியே பறக்கும்போது உங்கள் பாலிஷ் எம்மாத்திரம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மேல் பூச்சு பால் மாதிரி மங்கும். தை, மாசி இரண்டு மாதமும்தான் எனக்குப் பிடித்தவை. எட்டு முதல் பத்து கோட், நடுவில் தண்ணீர் உப்புத்தாள், கடைசியில் பஃப்.

"தகட்டு மேல அந்தச் சுருக்கப் பெயின்ட் எப்புடிங்க வருது? பெயின்டர் முடியாதுங்கறாரு."

முடியும், அவருக்குப் பழக்கமான எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். ரிங்கிள் பெயின்ட் என்று கேளுங்கள். சன்னமாக அடித்தால் சுருங்கவே சுருங்காது. கனமாக மூன்று கோட், ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக, ஒன்று சாய்வாக, இடையில் ஐந்து பத்து நிமிடம்தான். மேல் தோல் முதலில் காய்ந்து, அடியில் ஈரம் இருக்கும்போது சூடு பட்டால் சுருங்கும். அடுப்பு வசதி இல்லாவிட்டால் பங்குனி வெயிலில் கறுப்புத் தகரத்தின் மேல் வையுங்கள், பக்கத்தில் ஹீட் கன். கண்ணெதிரே பாலாடை மாதிரிச் சுருங்குவதைப் பார்க்க எங்கள் கடையில் டீ குடிக்க வந்தவர்களும் நின்றுவிடுவார்கள். ஒரு துண்டுத் தகட்டில் பழகிவிட்டு அசலைத் தொடுங்கள்.

கோவையில் பவுடர் கோட்டிங் யூனிட் நிறைய. ரிங்கிள் பவுடரும் சிலரிடம் உண்டு. 180 டிகிரிக்கு மேல் வேகும் என்பதால் தகட்டில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருக்கக் கூடாது. பலமாகப் பிடிக்கும், ஆனால் அடுத்த கேள்வியையும் படியுங்கள்.

"பவுடர் கோட்டிங் பண்ணி எல்லாம் மாட்டியாச்சு. இப்ப மீட்டர் லைட் ஒண்ணும் எரியல. வயரிங் எல்லாம் பழையபடிதான் இருக்கு!"

இந்தப் போன் வருடத்துக்கு நாலு தடவை வருகிறது. வயரிங் பழையபடிதான், தகடுதான் பழையபடி இல்லை. சின்ன பல்பின் எர்த் மீட்டர் உடம்பு வழியாகப் போகிறது. தனியாகக் கறுப்பு வயர் இல்லாத வண்டியில் மீட்டர் உடம்பின் எர்த், கிளாம்ப் வழியாகத் தகட்டுக்கும் தகட்டிலிருந்து பாடிக்கும் போகும். இப்போது தகடு முழுக்கப் பிளாஸ்டிக் போர்வை. கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழியில்லை.

தகட்டைச் சுரண்டித் திரியாதீர்கள். ஒரு கறுப்பு வயரில் வளைய முனைகள் அடித்து, ஒவ்வொரு மீட்டரின் பின் நட்டிலும் ஒன்று மாட்டி, கடைசி முனையைப் பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் கட்டுங்கள். மர டேஷ்போர்டில் கம்பெனியே இப்படித்தான் செய்திருக்கும், மரத்தில் எர்த் ஏது? புது மரம் போட்ட பிறகு லைட் மங்கினால் அந்த வயரைத்தான் யாரோ விட்டிருப்பார்கள்.

"பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ரெண்டும் ஒண்ணா மேலயே நிக்குது. டேங்க் காலிங்க!"

இரண்டும் ஒன்றாகத் தப்புக் காட்டினால் மீட்டரைச் சந்தேகப்படாதீர்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்னத் தகரப் பெட்டி உண்டு, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பன்னிரண்டு வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரி பத்து வோல்ட்டாக ஆக்கும். அதன் எர்த் அதன் உடம்புதான். எர்த் போனால் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய் முள் ஏறி நிற்கும். ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் ஸ்பீடோமீட்டரின் முதுகிலேயே திருகியிருக்கும். ஆகவே முந்தைய கேள்வியின் எர்த் வயரைப் போட்டால் பெரும்பாலும் இதுவும் சேர்ந்தே சரியாகும். (குழாய் வைத்த எம்ஜி டெம்பரேச்சர் மீட்டருக்கு இந்தப் பேச்சே இல்லை.) பெட்டியே போயிருந்தால் எலக்ட்ரானிக் ரகம் கிடைக்கும், ஆனால் வாங்குமுன் அடுத்ததைப் பாருங்கள்.

"பேட்டரி பிளஸ்ஸைப் பாடியில கட்டியிருக்காங்க. தப்புதானுங்களே? மாத்திரட்டுமா?"

தப்பில்லை. 1967 வரையிலான எம்ஜிபிகள் பிளஸ் எர்த். நம் ஆட்கள் நல்லெண்ணத்தில் மாற்றிப் போட்டுப் புகை கிளப்பியதை நான் பார்த்திருக்கிறேன். மாற்ற வேண்டும் என்றால் முறையாக மாற்றலாம்: டைனமோவுக்கு மறுபடி காந்தத் திசை ஏற்ற வேண்டும், இக்னிஷன் காயிலின் வயர்களை மாற்ற வேண்டும், எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டரை உள்ளே திறந்து மாற்ற வேண்டும். டேஷ்போர்டு கழற்றிக் கிடக்கும்போது செய்வதுதான் வசதி. மாற்றாவிட்டால் யுஎஸ்பி சார்ஜரையும் புது ரேடியோவையும் அப்படியே மாட்டாதீர்கள், எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரையும் பிளஸ் எர்த்துக்கானதாகக் கேட்டு வாங்குங்கள்.

"ஸ்பீடோமீட்டர் மைல்ல இருக்கு. கிலோமீட்டர் டயல் வாங்கி மாட்டினா சரியாக் காட்டுமுங்களா?"

முகத்தை மட்டும் பார்த்து வாங்கினால் காட்டாது. ஸ்மித்ஸ் என்ற மீட்டர் கம்பெனியின் டயலின் கீழே சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். 1280 என்றிருந்தால் கேபிள் 1280 சுற்று சுற்றினால் ஒரு மைல். கிலோமீட்டருக்கு அதை 1.609-ஆல் வகுங்கள், சுமார் 795 வரும். டயருடைய அளவு, பின் ஆக்சில் பல் விகிதம் இரண்டும் மாறாத வரை இந்தக் கணக்கு ஓடும். எண் பொருந்தாத மீட்டரை மாட்டி அறுபதில் போகிறோம் என்று எண்பதில் போகாதீர்கள்.

இன்னொன்று, 1960-க்கு முந்தைய சில மீட்டர்களில் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் கலந்த பூச்சு உண்டு. பழுப்பு நிறமாகப் பொரிந்திருக்கும் எண்களைச் சுரண்டவோ ஊதவோ வேண்டாம். கண்ணாடி மூடியோடு விட்டுவிடுங்கள்.

"டேஷ்போர்டு மாத்தினா ஆர்டிஓவுல சொல்லோணுமா? ஆர்சில பிரச்சினை வருமா?"

ஆர்சியில் எழுதியிருக்கும் விவரங்களை மாற்றினால்தான் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு பேசும். பலகை, ரெக்சின், பெயின்ட் அதில் வராது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த மத்திய விதிப்படி 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் எண் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த எண்ணோடு தினம் கடைக்குப் போய்வர முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான். சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் அக்கறை. புது மீட்டர் போட்டால் பழைய மீட்டர் காட்டிய தூரத்தை படமெடுத்துத் தேதியோடு வைத்திருங்கள்; விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.

அசல் வடிவம் எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு வளாகத்துக் கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் மாடலே இல்லாவிட்டாலும் அந்தக் காலத்துப் பலகையும் தகடும் எப்படிப் பளபளத்தன என்று கண்ணுக்கு ஓர் அளவு கிடைக்கும்.

"மொத்தம் என்னுங்க ஆகும்?"

விலை எழுதினால் அடுத்த மாதம் என்னையே கேள்வி கேட்பீர்கள். நாளைச் சொல்கிறேன். வெடிப்பு ரிப்பேர் நாலைந்து நாள். ரெக்சின் மாற்ற இரண்டு வாரம். மரம் என்றால் பாலிஷ் காய்வதோடு ஒன்றரை மாதம். செலவில் பாதி டேஷ்போர்டுக்கு இல்லை, பின்னால் தெரியவரும் வயரிங்குக்கும் ரப்பருக்கும். அதைச் சொல்லாமல் குறைந்த விலை பேசுபவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்.

"புதுசு மாட்டியாச்சு. பழைய பலகை ஷெட்டுல இடத்தை அடைக்குது. எடைக்குப் போட்டுரலாமுங்களா?"

மூன்றாவது பதிலில் சொன்னதுதான். மாட்டிய புதுசு ஒரு கோடை, ஒரு மழை தாண்டட்டும். அதற்குள் ஒரு ஓட்டை அரை நூல் தள்ளியிருப்பது தெரியவரும், அளக்கப் பழையதுதான் வேண்டும். அப்புறமும் வேண்டாம் என்றால் உக்கடத்தில் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

எங்கள் பரணில் இப்போது ஒன்பது கிடக்கின்றன. போன மாதம் உடுமலையிலிருந்து ஒருவர் ஸ்பிட்ஃபயரோடு வந்தார். மார்க் 3, மீட்டரெல்லாம் நடுவில் இருக்கும் ரகம். முன்பு வைத்திருந்தவர் நடுப்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு துண்டு ஃபார்மைக்காவை ஆணி அடித்து வைத்திருந்தார். பரணில் இருந்த ஒரு நடுப்பலகையை இறக்கி, தினத்தந்தித் தாளை விரித்து, பென்சிலால் சுற்றி வரைந்து கொடுத்தேன். வெட்டி, உள்ளே வைத்துப் பார்த்தார். நாலு ஓட்டையும் சரியாக உட்கார்ந்தன, ஹீட்டர் குமிழ் மட்டும் ஒரு நூல் இடது பக்கம்.